பச்சிளம் ரத்தத்தில் புகும் கிருமி

பிறந்து 28 நாள் நிறையாத குழந்தையின் ரத்தத்தில் பாக்டீரியா புகுந்து பெருகி உடல் முழுவதையும் நிலைகுலைய வைக்கும் நோயை மருத்துவர்கள் நியோநேட்டல் செப்சிஸ் என்கிறார்கள். தமிழில் பச்சிளங்குழந்தை ரத்தத் தொற்று எனலாம். மருத்துவமனை வராந்தாவில் வழங்கும் பேச்சு வேறு: "ரத்தத்துல கிருமி கலந்துருச்சாம், பெட்டியில வச்சிருக்காங்க." பெட்டி என்பது குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர். திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் வாசலிலும், தில்லை நகர் கிராஸ்களில் வரிசையாக நிற்கும் தனியார் மருத்துவமனைகளின் வரவேற்பறையிலும் இந்த வாக்கியம் ஒரே தொனியில்தான் சொல்லப்படுகிறது. சொல்பவரின் மனதில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லையே, கிருமி எங்கிருந்து வந்தது? காய்ச்சல்கூட இல்லையே, டாக்டருக்கு எப்படித் தெரிந்தது?

முதல் கேள்விக்கான விடை குழந்தையின் உடலிலிருந்தே தொடங்குகிறது. பனிக்குடம் உடையாத வரை கரு பெரும்பாலும் கிருமி எட்டாத இடத்தில் வளர்கிறது. பிறந்த அன்றே தாயின் பிறப்புப் பாதை, செவிலியரின் கை, சுற்றிய துணி என்று எத்தனையோ வழிகளில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதன் மேல் ஏறிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குடலிலும் தோலிலும் குடியேறி வாழ்நாள் முழுதும் உதவுபவை. தீயவற்றை எதிர்க்கக் குழந்தையிடம் இருப்பது தாய்வீட்டுச் சீர்தான். தாயின் ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வருகின்றன. அவை பெருமளவு வந்து சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிடும் குழந்தைக்கு அந்தச் சீர் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. அதன் தோல் வெங்காயச் சருகுபோல் மெல்லியது. பிளாஸ்திரியைப் பிரித்தாலே உரிந்துவிடும். கிருமியோடு சண்டையிடும் வெள்ளணுக்களின் கையிருப்பும் குறைவு; கடும் தொற்றில் விரைவாகத் தீர்ந்துபோகும். பெரியவர் உடல் கிருமியை ஓரிடத்தில் மடக்கிக் கொப்புளமாகவோ கட்டியாகவோ நிறுத்திவிடும். பச்சை உடம்புக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. அங்கே தோலில் தொடங்குவது சில மணி நேரத்தில் ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்கும் மூளை உறைக்கும் பரவுகிறது.

பிறந்த 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்றை ஆரம்பகாலத் தொற்று என்றும், அதற்குப் பின் வருவதைத் தாமதத் தொற்று என்றும் மருத்துவ நூல்கள் பிரிக்கின்றன. ஆரம்பகாலத் தொற்று தாயிடமிருந்து வருவது என்பது பாடம். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் பிரசவம் ஆகாமலிருப்பது, தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீரில் துர்நாற்றம், பிரசவ வலி வெகுநேரம் நீடிப்பது, இடையிடையே பலமுறை உள்பரிசோதனை செய்வது ஆகியவை அதற்கான வாசல்கள். தாமதத் தொற்று வெளியிலிருந்து வருவது. கையில் குத்திய ஊசிக்குழாய், தொப்புள் வழியே செலுத்திய குழாய், செயற்கைச் சுவாசக் கருவி, தொட்டவர்களின் விரல்கள் எல்லாம் அதற்குப் பாதைகள்.

இந்தப் பிரிவினை மேலைநாட்டு அனுபவத்தில் உருவானது. அமெரிக்காவில் 1970-களிலிருந்து பச்சிளங்குழந்தைகளை அதிகம் தாக்கிய கிருமி பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது தாயின் பிறப்புப் பாதையில் வாழ்வது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, கிருமி உள்ளவர்களுக்குப் பிரசவ வலியின்போதே பெனிசிலின் கொடுக்கும் முறை 1990-களில் அங்கே பரவியது. ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 1.7 ஆக இருந்த இக்கிருமியின் ஆரம்பகாலத் தொற்று, பின்னர் 0.3-க்கும் கீழே இறங்கியது. அதே கிருமியை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 10 ஆண்டுகாலப் பதிவுகளில் தேடியவர்கள் 1999-இல் எழுதிய கணக்கு ஆயிரத்துக்கு 0.17. இங்கே அது அபூர்வம். அப்படியானால் நம் குழந்தைகளின் ரத்தத்தில் இருப்பது என்ன?

தெளிவான விடை டெல்லியிலிருந்து வந்தது. 2011 ஜூலை முதல் 2014 பிப்ரவரி வரை அந்நகரின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளை ஒரு குழு நாள்தோறும் கண்காணித்தது. அவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு ரத்தத் தொற்று. அந்த நிகழ்வுகளில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியவை. பாடப்படி அவை தாயின் கிருமிகளாக இருக்க வேண்டும். ஆய்வகத் தட்டில் வளர்ந்தவை வேறு: அசினெட்டோபாக்டர் 22 விழுக்காடு, கிளெப்சியெல்லா 17, ஈ கோலை 14. அசினெட்டோபாக்டர் மருத்துவமனையின் ஈரமான மூலைகளிலும் கருவிகளிலும் தங்கி வாழும் கிருமி. பிறந்து ஒன்றிரண்டு நாளிலேயே அது ரத்தத்தில் இருக்கிறதென்றால், பிரசவ அறையிலோ முதல் நாள் வார்டிலோ ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் இயல்பான முடிவு. ரத்தத்தில் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். 2016-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இந்த ஆய்வு வெளிவந்த பிறகு, ஆரம்பகாலத் தொற்று தாயின் பங்கு, தாமதத் தொற்று மருத்துவமனையின் பங்கு என்ற பழைய பாகப்பிரிவினை இந்தியாவில் செல்லாமல் போயிற்று.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இந்த மாற்றம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். துருப்பிடித்த அரிவாளாலும் பிளேடாலும் தொப்புள்கொடியை அறுத்த காலத்தில் பிறந்த ஏழெட்டு நாளில் உடல் வில்லாக வளைந்து இறந்த குழந்தைகளை ஊர்கள் மறக்கவில்லை. அது டெட்டனஸ். கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து அந்நோயைத் துடைத்தன. தாய்-சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2015-இல் உறுதி செய்தது. பச்சிளங்குழந்தை இறப்பு 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் நாட்டுக்கு ஆயிரத்துக்கு 20, தமிழ்நாட்டுக்கு 9. ஆனால் வீட்டுப் பிரசவம் ஒழிந்ததோடு கிருமியும் முகவரி மாற்றிக்கொண்டது. எல்லாப் பிரசவமும் மருத்துவமனைக்கு வந்துவிட்ட மாநிலத்தில், மருத்துவமனையின் சுத்தம்தான் குழந்தையின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

வார்டில் கிருமி பரவும் இடங்கள் எளியவை, அலட்சியத்துக்கு எளிதில் இரையாகுபவை. ஆக்சிஜன் குமிழிடும் குப்பியில் மாற்றாத தண்ணீர். பல குழந்தைகளுக்கு ஒரே மருந்துக் குப்பியிலிருந்து ஊசியில் இழுப்பது. மூச்சுத் திணறும் குழந்தைக்குக் காற்றூட்டும் பையையும், சளி உறிஞ்சும் குழாயையும் அவசரத்தில் கழுவி அப்படியே அடுத்த குழந்தைக்குப் போடுவது. கதகதப்பூட்டும் ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைப்பது. கழுவும் தொட்டியில் தேங்கும் ஈரம். இவை அனைத்தையும் இணைக்கும் நூல் கை. ஒரு குழந்தையைத் தொட்ட கை கழுவாமல் அடுத்த குழந்தையைத் தொடும்போது கிருமி நடந்துபோக வேண்டிய தேவையே இல்லை. வியன்னா பிரசவ வார்டில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-இல் மருத்துவ மாணவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்ததும் தாய்மார்களின் இறப்பு சரிந்தது. அவருடைய சகாக்கள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு செவிலியர் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்க வேண்டிய இரவு ஷிஃப்டில், குழந்தைக்குக் குழந்தை அந்த அரை நிமிடம் கிடைக்காது. கை கழுவாததைச் செவிலியரின் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. ஆள் போடாததும் சுகாதாரக் கேடுதான்.

இனி இரண்டாவது கேள்வி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ரத்தத் தொற்று வந்த பிள்ளை அழுவதும் இல்லை, குடிப்பதும் இல்லை. அதுதான் முதல் அறிகுறி; பல வேளைகளில் ஒரே அறிகுறியும் அதுவே. காலைவரை மார்பைப் பற்றி இழுத்த குழந்தை மதியம் வாய் வைத்து விட்டுவிடும். சாயங்காலம் வாயே வைக்காது. தாய் முதலில் நினைப்பது "தூக்கக் கலக்கம்" என்று. பாட்டி "செவ்வாப்பு" என்றோ "கண்ணு பட்டிருக்கு" என்றோ சொல்லக்கூடும். குழந்தை தொந்தரவு செய்யாமல் படுத்திருப்பதைச் சமர்த்து என்று பாராட்டும் வீடுகளும் உண்டு. அந்தச் சமர்த்தைத்தான் குழந்தை மருத்துவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

பெரியவருக்குத் தொற்று என்றால் உடம்பு கொதிக்கும். பச்சிளங்குழந்தைக்கு அப்படியும் ஆகலாம். எதிர்மாறாக உடம்பு குளிர்ந்தும் போகலாம். கக்கத்தில் வைத்த வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினாலும், 95.9-க்குக் கீழே இறங்கினாலும் இரண்டும் அபாயம். வயிறு சூடாக இருக்கையில் உள்ளங்காலும் உள்ளங்கையும் சில்லென்று இருந்தால் அதுவும் எச்சரிக்கை. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கையில் மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிவது, முனகல், உதடு நீலம் பாய்வது, தட்டி எழுப்பினாலன்றிக் கைகால் அசையாதிருப்பது, ஜன்னி ஆகிய எல்லாமே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை. தொப்புளைச் சுற்றி சிவப்பு பரவுவது, சீழ், வயிறு உப்பல், பித்த நிற வாந்தி, தோலில் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுபோன்ற திட்டு, பிறந்த முதல் நாளிலேயே கண்ணும் தோலும் மஞ்சளாவது ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். உச்சிக்குழி மேலெழும்பி விம்மினால் மூளை உறைவரை தொற்று போயிருக்கக்கூடும்.

இத்தனையும் வேறு நோய்களுக்கும் பொதுவானவை என்பதுதான் இந்நோயின் வில்லங்கம். சர்க்கரை குறைந்தாலும், குளிர் தாக்கினாலும், இருதயக் கோளாறு இருந்தாலும் குழந்தை இப்படியே துவளும். ஆகவே பரிசோதனை. ரத்தத்தை ஊட்டக் கரைசலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் முடிவான சோதனை; வராந்தாவில் "கல்ச்சர்" என்று வழங்குவது இதுவே. இதற்குக் குறைந்தது ஒரு மில்லி ரத்தம் வேண்டும். இரண்டு கிலோ குழந்தையின் உடலில் மொத்தம் ஓடும் ரத்தமே ஏறத்தாழ 160 மில்லி. ஒரு டம்ளர் காபியின் அளவு. அதிலிருந்து எடுக்கும் ஒரு மில்லியில் கிருமி இருந்தாக வேண்டும். தாய்க்கு முன்பே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் வளராமலும் போகலாம். முடிவு தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம், வெள்ளணு எண்ணிக்கை போன்றவை துணைச் சாட்சிகள் மட்டுமே. பிரசவத்தின் அலைக்கழிப்பிலேயே சிஆர்பி ஏறுவதும் உண்டு. "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஊசி போட்டார்கள்" என்ற குறை இதனால் வருவது. முடிவுக்குக் காத்திருந்தால் குழந்தை கை நழுவும் என்பதால், சந்தேகம் வந்த அந்த மணியிலேயே ரத்தம் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குகிறார்கள். கல்ச்சரில் கிருமி இல்லை, குழந்தையும் தேறிவிட்டது என்றால் மருந்தை நிறுத்திவிடுவது நல்ல மருத்துவம். பாதியில் நிறுத்துகிறார்களே என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

முதல்நிலை மருந்து பல ஆண்டுகளாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். இரண்டும் பழையவை, விலை குறைந்தவை. ரத்தத்தில் கிருமி உறுதியானால் 10 முதல் 14 நாள், மூளை உறை பாதித்திருந்தால் மூன்று வாரம்வரை ஊசி தொடரும். அதோடு கதகதப்பு, சர்க்கரை, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிப்பதும் சிகிச்சையில் பாதி. சிக்கல் என்னவென்றால் இந்த மருந்துகள் இப்போது பல கிருமிகளைத் தொடுவதில்லை. டெல்லி ஆய்வில் அசினெட்டோபாக்டர்களில் 82 விழுக்காடும் கிளெப்சியெல்லாக்களில் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. அடுத்த கட்ட மருந்தான செஃபோடாக்சிமும் தோற்றால் மெரோபெனம். அதுவும் தோற்றால் சிறுநீரகத்தைக் காயப்படுத்தும் அபாயத்தால் ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த கோலிஸ்டின். அதற்கப்பால் அலமாரி ஏறத்தாழக் காலி. 2018 முதல் 2020 வரை 11 நாடுகளில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த நியோஆப்ஸ் ஆய்வு, மருத்துவர்கள் 200-க்கும் அதிகமான மருந்துக் கூட்டணிகளைக் கையாண்டதைக் கண்டது. எது வேலை செய்யும் என்ற நிச்சயம் போனதன் அடையாளம் இது.

இந்தக் கதையில் சென்னைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. மெரோபெனம் உள்ளிட்ட கார்பபெனம் வகை மருந்துகளைத் துண்டாக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2010-இல் உலகறியச் செய்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது காணப்பட்டது. அந்தப் பெயரில் புது டெல்லி ஒட்டியிருந்ததைப் பற்றி எழுந்த கூச்சல், கிருமியைப் பற்றி எழவில்லை. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விற்பதைக் கட்டுப்படுத்தக் கோரும் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. உயர்ரக ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்ற ஹெச்-1 அட்டவணை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. கோழிப் பண்ணைகளில் கோலிஸ்டினுக்கு 2019-இல் தடை வந்தது. ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் பெட்டியில் கிடக்கும் குழந்தைக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் மருந்துக்குப் பழகிய கிருமி அந்த மாத்திரைகளாலும் வளர்கிறது. தாயின் குடலிலும், வருகிறவர் கையிலும் ஏறி வார்டுக்கு வந்து சேர்கிறது. மருந்துக்கு அடங்காத ரத்தத் தொற்றால் இந்தியாவில் ஆண்டுக்கு 56,000-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறப்பதாக 2016-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது.

சிகிச்சை இவ்வளவு குறுகிப்போன நிலையில் தடுப்புதான் அகலமான வழி. அதில் முதலிடம் சீம்பாலுக்கு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை குடிக்கும் அந்த மஞ்சள் பாலில் உள்ள எதிர்ப்புப் புரதம் குடலின் உள்சுவரில் பூச்சுப்போல் படிந்து கிருமியை ரத்தத்துக்குள் நுழைய விடாது. கருப்பையில் பாதியில் நின்ற சீர் இங்கே மீண்டும் தொடர்கிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுவை அறையிலிருந்து தாய் வெளிவரும்வரை குழந்தை பால்பொடியையோ சர்க்கரைத் தண்ணீரையோ நம்பிக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. சிசேரியன் ஆனாலும் மயக்கம் தெளிந்த கையோடு மார்பில் போடலாம். தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமாகும்போது குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி உதவும். ஆசியாவின் முதல் வங்கியை 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். 2015-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வங்கிகளில் திருச்சி அரசு மருத்துவமனையும் இடம்பெற்றது.

அடுத்தது, தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படக் குழந்தையைக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமையால் பிறந்த யுக்தி இது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படிக் கட்டிவைத்துப் பார்த்த ஆய்வில் இறப்பு கால் பங்கு குறைந்தது. ரத்தத் தொற்றும் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்னதாக நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. குழந்தையின் தோலில் முதலில் குடியேறுவது வார்டின் கிருமியா, தாயின் கிருமியா என்ற போட்டியில் தாயை முந்தவிடுவது இதன் சூட்சுமங்களுள் ஒன்று. தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு கதை பழக்கவழக்கங்களின் கையில். ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளில் பத்து நாள் தீட்டு என்று தாயையும் சேயையும் தனி அறையில் வைத்து, பதினோராம் நாள் சுத்திச் சடங்கான புண்யாகவாசனம் முடிந்தபின் உறவினரை உள்ளே விடும் வழக்கம் இருந்தது. காரணம் சாஸ்திரமாக இருந்தாலும், பச்சை உடம்பை முதல் பத்து நாள் பத்துப் பேர் தொடாமல் காத்தது அதன் பயன். ஆனால் அதே மரபில் வந்த எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்க முடியாது. சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ விரலால் நாக்கில் தடவுவது, தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலைச் சங்கில் புகட்டுவது, கல்லில் உரைத்த உரைமருந்து, தொப்புளில் வசம்புச் சாம்பலோ மஞ்சளோ வைப்பது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, குழந்தையின் வீங்கிய மார்பிலிருந்து பால் பீய்ச்சுவது ஆகிய ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு கதவு. கடைசியில் சொன்னதால் மார்பில் சீழ் கட்டி, அங்கிருந்து ரத்தத் தொற்றாவது குழந்தை மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. தொப்புளை உலர்வாக, எதையும் தடவாமல் விட்டாலே அது தானாக விழுந்துவிடும். அன்பு காட்டத் தெரிந்த பாட்டிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது தடைசெய்வதைவிட எளிது.

மருத்துவமனைக்கே போக முடியாத இடங்களில் என்ன செய்வது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி விடை சொன்னது. டாக்டர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் 39 கிராமங்களில் அதிகம் படிக்காத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடைபோட்டு, மூச்சை எண்ணி, தொற்றென்று தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி மருந்தும் கொடுக்கச் செய்தார்கள். ரத்தத் தொற்று கண்ட குழந்தைகளில் இறந்தவர் 16.6 விழுக்காட்டிலிருந்து 2.8-ஆகக் குறைந்தனர், பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு சரிந்தது. 1999-இல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவுதான் பின்னர் நாடு முழுதும் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் திட்டத்துக்கு வித்து. தடுப்பில் இன்னொரு முயற்சியாக ஒடிசாவில் 4,556 குழந்தைகளுக்கு நன்மை செய்யும் லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவை ஏழு நாள் வாய்வழி கொடுத்தபோது, ரத்தத் தொற்றோ இறப்போ நேர்ந்தவர் 9 விழுக்காட்டிலிருந்து 5.4-ஆகக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை நிறைமாதத்தை ஒட்டிப் பிறந்த, இரண்டு கிலோவுக்குக் குறையாத குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பொருள்களைக் கொடுப்பதன் அபாயம்பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் சங்கதி இல்லை இது.

பிழைத்த குழந்தைக்கும் பின்கவனிப்பு வேண்டும். மூளை உறை தொற்று கேட்கும் திறனையும் கைகால் வளர்ச்சியையும் பாதிக்கலாம். ஜென்டாமைசினும் காதைத் தொடக்கூடிய மருந்து. வீடு திரும்பும் முன் செவிப் பரிசோதனையும், முதல் ஓராண்டில் வளர்ச்சிப் பரிசோதனைகளும் தவறக்கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இவை இலவசம்.

நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, ரத்தம், போக்குவரத்து எதற்கும் கட்டணம் இல்லை. 2011 முதல் நடப்பில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இதற்கு உறுதி தருகிறது. இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்க மறுக்கும் குழந்தையை விடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து, தலையை மூடி, கதகதப்பாக வைத்திருங்கள்.